பெயிண்ட் வாங்கும் முன் ஒரு பைல் திறங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "இதில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறோம் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் இன்று செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய திரையும் கீபோர்டும் இருந்தால்தான் வசதியாகச் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. அது உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும். வருகிற ஆண்டில் வீட்டில் செய்ய வேண்டிய மராமத்து வேலைகளுக்குத் திட்டம் போடுவதுதான் அது.

"இதற்கு ஒரு டைரி போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாப்ட்வேர் கம்பெனியில் நாள் முழுக்க எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று அட்டவணை போடுகிறவன் நான். சொந்த வீட்டிற்கு மட்டும் அதைச் செய்யவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

கரையான்சாவடியில் எங்கள் வீடு தரைத் தளம் மட்டும் உள்ள பழைய வீடு. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நல்ல பெயிண்டாகவே அடித்தோம். சுமார் 32 ஆயிரம் ரூபாய் ஆனது. பண்டிகைக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நவம்பர் மழை தொடங்கிய இரண்டாவது வாரம், ஹால் கூரையின் ஓரத்தில் பட்டி உப்பிக்கொண்டு வந்தது. ஓதம் மெல்ல இறங்கி சுவிட்ச் போர்டு வரை வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் லைட் போடப் போன அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நல்ல வேளை, லேசான ஷாக்கோடு போயிற்று.

மேஸ்திரி வந்து மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார். தட்டோடுகளுக்கு நடுவே இணைப்பு விட்டிருந்தது. "தம்பி, மேல ஒழுகுறத நிறுத்தாம கீழ எவ்ளோ பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது" என்றார். மாடியைச் சரி செய்ய 18 ஆயிரம் ரூபாய். அதை முதலில் செய்திருந்தால் 32 ஆயிரம் வீணாகியிருக்காது. அம்மாவுக்கு ஷாக்கும் அடித்திருக்காது. எங்களிடம் பணம் இருந்தது, ஆளும் கிடைத்தார்கள். வேலையின் வரிசைதான் தவறு.

என் கருத்து இதுதான்: வீட்டு வேலைகளை நம் ஆசையின் வரிசையிலோ, பண்டிகையின் வரிசையிலோ செய்யக் கூடாது. மழையின் வரிசையில் செய்ய வேண்டும். இந்த வரிசையைக் கண் முன் கொண்டுவர ஸ்ப்ரெட்ஷீட் போல உதவும் புரோகிராம் வேறில்லை.

மழை சொல்லும் வரிசை

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. தீபாவளி வருவது சரியாக இந்தப் பருவத்தில். ஆனாலும் இன்று பெரும்பாலான வீடுகளில் பெயிண்ட் அடிப்பது தீபாவளிக்குத்தான். போனஸ் வருகிறது, கடைகளில் தள்ளுபடியும் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் வீட்டிற்கு வெள்ளையடித்தது பொங்கலுக்கு. தை முதல் நாள் வருவது ஜனவரி நடுவில். பெருமழை ஓய்ந்து, சுவர் உலரத் தொடங்கும் காலம் அது. இதைப் பழைய வழக்கம் என்று நாம் தள்ளிவிட்டோம். ஒரு பொறியாளரைக் கேட்டாலும் ஈரம் காய்ந்த பிறகு வண்ணம் பூசு என்றுதான் சொல்லுவார்.

டிசம்பர் பிறந்ததும் மழை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12ஆம் தேதி. மிக்ஜாம் புயலின் மழை கொட்டியது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள செம்பரம்பாக்கத்தில் 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 47 செ.மீ. மழை பதிவானது.

47 செ.மீ. என்றால் உங்கள் மாடிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 93ஐ 470 ஆல் பெருக்கினால் 43,710 லிட்டர் வருகிறது. 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி மூன்றரை லாரிக்கும் மேல், ஒரே நாளில் உங்கள் தலைக்கு மேல்! மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் நான்கு இலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பைலை எப்படி அமைப்பது?

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். அதில் உள்ள கால்க் என்பதுதான் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம். தமிழிலேயே டைப் செய்யலாம்.

புதிய பைல் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை ஒவ்வொரு கட்டமாக டைப் செய்திடுங்கள்: வேலை, இடம், இதற்கு முன் முடிய வேண்டியது, மாதம், நானா ஆளா, மதிப்பீடு, ஆன செலவு. ஏழு தலைப்புகள்தான்.

இவற்றில் மிக முக்கியமானது மூன்றாவது தலைப்பு. "ஹால் பெயிண்ட்" என்ற வேலைக்கு எதிரே "மாடி ஒழுகல்" என்று எழுத வேண்டும். "மாடி ஒழுகல்" என்பதற்கு எதிரே "தண்ணீர் கட்டிச் சோதனை" என்று எழுத வேண்டும். "புது ஏ.சி." என்றால் "வயரிங், எர்த் சோதனை". இப்படி எழுதிக்கொண்டே வந்தால், எதை முதலில் செய்வது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. சென்ற ஆண்டு இந்த ஒரு கட்டத்தை நான் நிரப்பியிருந்தால் 32 ஆயிரம் ரூபாய் தப்பியிருக்கும்.

மாதத்தை எண்ணாகப் போடுங்கள். பிறகு அந்தக் கட்டங்களை வைத்து சார்ட் கட்டளை கொடுத்தால் பட்டியல் முழுவதும் மாத வரிசையில் அமைந்துவிடும். மதிப்பீட்டின் கீழே சிக்மா அடையாளம் உள்ள பட்டனைக் கிளிக் செய்தால் மொத்தத் தொகை வரும். ஒரு தொகையை மாற்றினால் மொத்தமும் தானாக மாறும். 1979ல் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் இருவரும் உருவாக்கிய விசிகால்க் என்ற, பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் பிரபலமானதற்கு இந்த வசதிதான் காரணம். டைரியில் ஒரு தொகையை மாற்றினால் பக்கம் முழுக்க அடித்து எழுத வேண்டும். நாம் சலித்துப்போய் விட்டுவிடுவோம்.

ஒரு யோசனை. மொத்தத்திற்குக் கீழே "எதிர்பாராதது" என்று ஒரு வரி சேர்த்து, பத்தில் ஒரு பங்கு தொகையைப் போடுங்கள். சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது மேஸ்திரிக்கும் முன்கூட்டித் தெரியாது.

எந்த மாதம் எந்த வேலை?

நவம்பர், டிசம்பர்: இது செய்யும் மாதம் அல்ல, பார்க்கும் மாதம். நல்ல மழை பெய்யும்போது செல்போன் கேமராவோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே சொட்டுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த ஜன்னல் மேல் வெடிப்பு இருக்கிறது என்று படம் எடுங்கள். மழை உங்கள் வீட்டை இலவசமாகச் சோதித்துக் கொடுக்கிறது. அந்தப் படங்கள்தான் அடுத்த ஆண்டுத் திட்டத்தின் முதல் பக்கம்.

ஜனவரி முதல் மார்ச் வரை: மாடி வேலைக்கு ஏற்ற காலம். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே கூரையைப் பாருங்கள். ஒழுகும் இடம் தெரிந்துவிடும். பழைய கட்டடம் என்றால் மேஸ்திரியைக் கேட்டுவிட்டே தண்ணீர் கட்டுங்கள். சிமென்ட் பூச்சு எதுவானாலும் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு மே மாதத்தில் பூச்சு வேலை வைத்தால் தண்ணீருக்கு எங்கே போவது? மாடி முடிந்து, பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட்.

மார்ச்: ஏ.சி. ஓடத் தொடங்கும் முன் வயரிங் வேலை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டால் "சுர்" என்று இருக்கிறதா? பெரும்பாலும் அது கம்ப்யூட்டரின் குறை அல்ல, உங்கள் வீட்டு எர்த்தின் குறை. மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இல்லையென்றால், புது டி.வி.க்கு முன் அதை வாங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது இருக்கிறது. அம்மாவின் கை உதறிய அன்று இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர்: மாடிக் குழாய் வாய்கள், வீட்டைச் சுற்றியுள்ள வடிகால், மழைநீர் சேகரிப்புத் தொட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்திடுங்கள். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003ல். அப்போது அமைத்த தொட்டிகள் பல வீடுகளில் மண் நிறைந்து கிடக்கின்றன. உள்ளே இருக்கும் ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டால் மீண்டும் தண்ணீர் இறங்கும்.

நானா, ஆளா?

குழாய் வாஷர் மாற்றுவது, கிரில்லுக்குப் பெயிண்ட், மாடி வடிகால் சுத்தம், அலமாரி மாட்டுவது ஆகியவற்றை நாமே செய்யலாம். மெயின் போர்டு, எர்த், மாடிப் பூச்சு ஆகியவற்றிற்கு ஆள்தான் வேண்டும். தண்ணீர் சம்ப்பைச் சுத்தம் செய்யத் தனியாக உள்ளே இறங்கவே கூடாது. நீண்ட நாள் மூடியிருந்த தொட்டியில் மூச்சுவிடப் போதுமான ஆக்சிஜன் இல்லாமல் போகலாம். கூலி மிச்சம் என்று உயிரோடு விளையாட வேண்டாம்.

அப்பாவின் தலைக்குள் இருக்கும் பைல்

நான் இந்தப் பைலைக் காட்டியபோது அப்பா சிரித்தார். "இத்தனை வருஷமா எதையும் எழுதி வெச்சா இந்த வீட்டைப் பார்த்துக்கிட்டேன்?" என்றார். அது உண்மைதான். எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதில்தான் சிக்கலும் இருக்கிறது.

அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரி மாட்டச் சுவரில் டிரில் போட்டேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எந்த வால்வை மூடுவது என்று தெரியவில்லை. போன் போட்டதும், "பின்பக்கம் துளசி மாடத்துக்குக் கீழ ஒரு மூடி இருக்கும், அதைத் தூக்குடா" என்றார். அவர் போனை எடுத்ததால் பிழைத்தோம். எடுக்காமல் இருந்திருந்தால்?

அதனால் அதே பைலில் இரண்டாவது ஷீட் ஒன்றைச் சேர்த்தேன். குழாய் எந்தச் சுவரில் போகிறது, எந்த வால்வு எதற்கு, மோட்டார் வாங்கிய ஆண்டு, போர் எத்தனை அடி என்று அப்பா சொல்லச் சொல்ல ஒரு மாலை முழுக்க டைப் செய்தேன். சிரித்தவர் கடைசியில், "செப்டிக் டேங்க் மூடி எங்க இருக்குன்னு எழுதினியா?" என்று அவரே கேட்டார்.

இனி சுவரை எங்கே உடைத்தாலும் மூடும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுகிறோம். குழாய்க்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து எடுத்தால், தரையிலிருந்து எத்தனை அடி என்பதும் படத்திலேயே தெரியும். பைல் பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் வைத்தால் படங்கள் தானாகவே தேதிப்படி அமையும். "வீடு" என்று ஒரு போல்டர் திறந்து எல்லாவற்றையும் அதில் போடுங்கள். அதன் காப்பி ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். வால்வு விவரத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சும்போது யாரும் கம்ப்யூட்டரை ஆன் செய்துகொண்டிருக்க முடியாது.

கம்ப்யூட்டர் சுவருக்குப் பூச்சு பூசாது. ஆனால் எந்தச் சுவருக்கு எப்போது பூசுவது என்பதை அதில் ஒரு மாலை நேரத்தில் முடிவு செய்துவிடலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பைலைத் திறங்கள். பெயிண்ட் கடைக்குப் பிறகு போகலாம்.