பழைய கணினியின் மேல் பழி போடாதீர்

ஜென்டூ லினக்ஸில் ஜிசிசி தொகுப்பியைப் புதுப்பிக்க ஒரு முழு இரவு போதவில்லை என்று சலித்து, ரஹாங்கில் என் முன்னாள் மாணவர் சிலர் கணினியையே மாற்ற எண்ணுகின்றனர். எனக்கு உடன்பாடில்லை. ஜிசிசி தன்னைத்தானே மும்முறை தொகுத்து, கடைசி இரு படிகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும். ஆகவே தாமதம் ஓரளவு இயல்பே. மிஞ்சிய தாமதத்திற்கு நினைவகப் பற்றாக்குறையையே முதலில் ஐயுறுக. தொகுப்பு நடக்கையில் 'ஃப்ரீ' கட்டளையிட்டுப் பாருங்கள். ஸ்வாப் நிரம்பி வழிகிறதா? பணிக்கு 2 ஜிபி என்பது ஜென்டூ கையேட்டின் கணக்கு. 4 ஜிபி கணினியில் எட்டுப் பணிகளை ஏவுவது ஒற்றை மாட்டை எட்டு ஏரில் பூட்டுவதாகும்! மேக்ஆப்ட்ஸில் இரண்டெனக் குறையுங்கள். அதுவும் பொறுக்கவில்லையெனில், 2023 டிசம்பரில் ஜென்டூ அறிவித்த ஆயத்தப் பொதிகள் 64 பிட் கணினிகளுக்கு உள்ளன. அவற்றை ஏற்பது இழுக்கன்று.