தலைக்கணக்கும் மேரைக்கணக்கும்

தாஜ் மஹாலை மாமல்லபுரம் முந்திவிட்டது என்ற பழைய செய்தி இந்த வாரம் மறுபடியும் கைபேசிகளில் சுற்றுகிறது. படிக்கப் படிக்க எரிச்சல் வருகிறது. நுழைவுக் கட்டணம் உள்ள தொல்லியல் துறைச் சின்னங்களில், 2021-22-இல் வெளிநாட்டினர் அதிகம் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான்: 1,44,984 பேர். தாஜ் மஹாலுக்கு 38,922 பேர். சுற்றுலா அமைச்சகம் தந்த எண்கள் இவை; அவற்றில் பிழை சொல்லவில்லை. ஆனால் அந்த நிதியாண்டின் பெரும்பகுதியில் இந்தியா சுற்றுலா விசாவே கொடுக்கவில்லை. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27-இல்தான் திரும்பின. அப்படியானால் சீட்டு வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே இந்த நாட்டில் குடியிருந்தவர்களாக இருக்க வேண்டும். சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களா, புதுச்சேரிப் பக்கமிருந்து வந்தவர்களா, ஒரே ஆள் நாலு முறை வந்தாரா? சீட்டு அதைச் சொல்லாது. ஓர் ஊரை யாரிடம், எப்படி விளம்பரப்படுத்துவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலிடப் பட்டத்தால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அந்த விடைகளைத் தேடப் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. இணையவழி நுழைவுச்சீட்டு, வண்டி நிறுத்தும் ரசீது, விடுதி முன்பதிவு, பயணத் தளங்களில் எழுதப்படும் கருத்துகள் என்று எல்லாம் இருக்கின்றன, ஆளுக்கொரு கையில். இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை ஒரு கிடங்கில் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத தொடர்புகளைத் தோண்டி எடுப்பதைத்தான் தரவு அகழ்வு என்கிறார்கள். சுவீடனில் ஓரே என்னும் பனிச்சறுக்கு ஊருக்காக மத்தியாஸ் ஃபுக்ஸ், வொல்ஃப்ராம் ஹோப்கென் முதலிய ஆய்வாளர்கள் இதைச் செய்து, 2014-இல் கட்டுரையும் வெளியிட்டார்கள். இணையத் தேடல், முன்பதிவு, விருந்தினர் கருத்து ஆகிய மூன்றையும் இணைத்து, உள்ளூர்த் தொழில்காரர்களே பார்த்துப் பயன்படுத்தும்படி அமைத்தார்கள். நல்ல வேலை. ஆனால் மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அவர்கள் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது: பர்னார்டு கணக்கு. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையை ஊர் ஊராக அளந்து எழுதவைத்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் தரம்பால் அவற்றின் அருமையை எடுத்துச் சொன்னார். சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தின் ஜெ.கே. பஜாஜும் எம்.டி. சீனிவாஸும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழில்காரர் எத்தனை பேர், எவ்வளவு நிலம், ஏரி, தோப்பு என்று மட்டும் எழுதி அந்தக் கணக்கு நின்றுவிடவில்லை. களத்தில் குவிந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் எவ்வளவு, குயவருக்கும் வண்ணாருக்கும் எவ்வளவு, ஏரிப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று பங்கு பங்காகப் பதிந்தது. இப்படி விளைச்சலிலிருந்து பிரித்துக் கொடுக்கும் பங்குக்கு மேரை என்று பெயர். விளைந்தது எவ்வளவு என்பதோடு அது யார் வீட்டுக்குப் போனது என்பதையும் ஒரே கணக்கில் வைத்ததுதான் அதன் பெருமை. இன்றைய சுற்றுலாப் புள்ளிவிவரத்தில் இல்லாததும் அதுதான்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் மாமல்லபுரம் வந்து, கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்த்து, சாப்பிட்டு, பொழுது சாயும்முன் திரும்பும் குடும்பத்தின் செலவில் சிற்பக்கூடத்துக்கு எவ்வளவு? மீன் விற்கும் அம்மாவுக்கு, ஆட்டோக்காரருக்கு, தெரு வியாபாரிக்கு எவ்வளவு? முன்பதிவுச் செயலியின் கமிஷனாக ஊரைத் தாண்டிப் போனது எவ்வளவு? இந்த மேரைக்கணக்கு இல்லாமல் செய்யும் விளம்பரம் கூட்டத்தைப் பெருக்கும், அவ்வளவே. ஆட்களைப் பெருக்கு என்று கணினிக்குச் சொன்னால், ஏற்கெனவே நிறையப் பேர் புகழ்ந்து எழுதியிருக்கும் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கே அது எல்லோரையும் அனுப்பும். ஊருக்கு வரும் பங்கைப் பெருக்கு என்று சொன்னால், ஓரிரவு தங்கவைக்கும் வழியைத் தேடும்: சாளுவன்குப்பத்தின் புலிக்குகை, 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயில், திருக்கழுக்குன்றம், பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்களில் வேடந்தாங்கல். கருவி ஒன்றுதான், நாம் கொடுக்கும் கேள்வியைப் பொறுத்து ஊரின் கதி மாறும்.

பர்னார்டு கணக்கு வரி வசூலுக்காக எழுதப்பட்டது, அதைப் போய் முன்மாதிரி என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பெனிக்கு வருவாய்தான் குறி. அந்தப் பங்குகளும் சமமானவை அல்ல. ஊரின் ஏற்றத்தாழ்வு முழுக்க அவற்றில் தெரிகிறது. ஆனால் அப்படித் தெரியவைத்ததே அந்தக் கணக்குதான். பங்கே எழுதப்படாத இடத்தில் யார் ஏமாற்றப்படுகிறார் என்று வாதிடக்கூட முடியாது. அந்தரங்கம் பற்றிய அச்சம் இதைவிட வலுவானது. வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் விடுதிகள் அனுப்பும் விவரப் படிவம் குடியேற்றக் கண்காணிப்புக்கு உரியது. விளம்பரக்காரர் கை அதில் படக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது, பெயரோ தொலைபேசி எண்ணோ இந்தக் கிடங்குக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. எத்தனை பேர், எத்தனை இரவு, எந்த வகைச் செலவு என்ற தொகைகள் போதும். வருமானத்தைச் சொன்னால் வரி வந்துவிடும் என்று சிறு வியாபாரிகள் அஞ்சுவார்கள். அவர்களுடைய சங்கங்கள் வழியாக, பெயரில்லாமல், மாதிரிக் கணக்கெடுப்பாகக் கேட்கலாம். அப்படிக் கிடைத்த அட்டவணையைச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் தமிழில் அச்சிட்டு, சிற்பக்கூடங்களுக்கும் மீனவர் பஞ்சாயத்துகளுக்கும் முதலில் கொடுக்கட்டும். விளம்பர நிறுவனத்தாரோடு பேச உட்காரும் நாளில் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.