ஒரே ஐ7, ஆனால் வேகம் வேற: லேப்டாப் புராசஸருக்குக் கடிவாளம் போடுவது யார்?

2018 ஜூலையில் டேவ் லீ என்ற யூடியூபர் ஆப்பிளின் புது மேக்புக் ப்ரோவை ஃப்ரீசருக்குள் வைத்துச் சோதித்தார். கோர் ஐ9 புராசஸர் போட்ட டாப் மாடல் அது. அடோபி ப்ரீமியரில் ஒரு வீடியோவை ரெண்டர் செய்ய, வெளியே சுமார் 39 நிமிடம் எடுத்துக்கொண்ட அந்த லேப்டாப், ஃப்ரீசருக்குள் 27 நிமிடத்தில் வேலையை முடித்தது. அதே வேலைக்கு முந்தைய ஆண்டின் ஐ7 மேக்புக் எடுத்துக்கொண்டது 35 நிமிடம். கூடுதல் காசு கொடுத்து வாங்கும் புது மெஷின், பழசைவிட மெதுவாக ஓடியிருக்கிறது!

ஒரே வாரத்தில் ஆப்பிள் பதில் சொன்னது. வெப்பத்தைக் கையாளும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் கீ விடுபட்டுப்போனதாகச் சொல்லி மன்னிப்பு கேட்டு, அப்டேட்டும் கொடுத்தது. அதன்பின் வேகம் ஓரளவு சீரானது. பிழை சரியாகிவிட்டது, சரி. ஆனால் பிழையே இல்லாத லேப்டாப்பிலும் விளம்பரத்தில் சொன்ன வேகம் நிலைத்து நிற்பதில்லையே, அது ஏன்?

'வரை' என்ற ஒரு சொல்

இன்டெல்லின் கோர் ஐ7-1165ஜி7 புராசஸரை எடுத்துக்கொள்வோம். 2020-இல் வந்தது, ஏகப்பட்ட மெல்லிய லேப்டாப்களில் இருக்கிறது. '4.7 கிகாஹெர்ட்ஸ் வரை' என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். இன்டெல்லின் சொந்த விவரப் பட்டியலைத் திறந்தால் கதை வேறு. இதே சிப்பை 28 வாட்டில் ஓட விட்டால் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். 12 வாட்டில் ஓட விட்டால் 1.2 தான். எத்தனை வாட் என்பதை முடிவு செய்வது லேப்டாப் தயாரிப்பாளர். கடையில் இரண்டு லேப்டாப்பிலும் ஒட்டியிருப்பது ஒரே ஐ7 ஸ்டிக்கர்.

பொதுவாக இரண்டு வரம்புகள் வைக்கப்படும். ஒன்று, தொடர்ந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பது. மற்றொன்று, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எவ்வளவு எடுக்கலாம் என்பது. பிரவுசர் திறப்பது, எக்செல் ஃபைல் திறப்பது எல்லாம் இந்தக் 'கொஞ்ச நேர' கணக்கிலேயே முடிந்துவிடும். அதனால் லேப்டாப் ஜெட் வேகத்தில் இருப்பதாகத் தோன்றும். வீடியோ ரெண்டரிங், பெரிய கோட் கம்பைல், கேம் என்று போனால்தான் நிஜ முகம் தெரியும். முதல் ஓவரில் 20 ரன் அடிப்பவர், 50 ஓவரும் அதே ரன் ரேட்டில் ஆட முடியாது இல்லையா, அதே கதைதான்.

இவை போக, வெப்ப வரம்பு தனி. பல இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் எடுத்த ரிவ்யூ வீடியோவின் ஸ்கோர், நம்ம ஊர் மே மாத மதியத்தில் ஃபேனுக்குக் கீழே வராமல்போக இதுவும் ஒரு காரணம். அறையின் சூடு ஏறினால், சிப் வெப்பத்தை வெளியேற்றுவதும் கடினமாகும்.

கட்டுப்பாடு போடுவதே தப்பா?

இல்லை. மடியில் வைக்கும் பொருள் தொடை சுடாமல் இருக்க வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும், ஃபேன் சத்தம் காதைக் கிழிக்கக் கூடாது. 2020-இல் வந்த ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. அதே எம்1 போட்ட ப்ரோவில் ஃபேன் உண்டு. முதல் சில நிமிடங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேலை நீண்டால் ஏர் பின்தங்கும். 'ஏர்ல ஃபேன் இல்லை' என்பது வாங்கும்போதே தெரிகிறது என்பதால் அதில் ஏமாற்று இல்லை. வாட் கணக்கைச் சொல்லாமல் ஐ7 என்று மட்டும் சொல்லி விற்பதுதான் இடிக்கிறது.

கிராஃபிக்ஸ் சிப்பில் இதே பிரச்சினை வெடித்தது. லேப்டாப்களுக்கான ஆர்டிஎக்ஸ் 3080, 80 வாட்டிலும் வந்தது, 150 வாட்டிலும் வந்தது. விமர்சனம் கிளம்பியதும், வாட் அளவை லேப்டாப் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று 2021-இல் என்விடியா சொன்னது. புராசஸர் விஷயத்தில் பல பிராண்டுகளின் விற்பனைப் பக்கங்களில் இன்றும் அந்த வரியைத் தேடத்தான் வேண்டும்.

கையில் இருந்த சாவியும் போனது

முன்பு பயனாளர்களிடம் ஒரு வழி இருந்தது: அண்டர்வோல்டிங். சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால், சூடு குறையும், வேகம் நிற்கும். செலவு பூஜ்யம். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மின்னழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, சிப்பின் பூட்டிய பகுதியில் இருக்கும் ரகசியங்களைத் திருடலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பின் வந்த பயாஸ் அப்டேட்களில் பல லேப்டாப்களில் அந்த வசதியே பூட்டப்பட்டது. இந்தத் தாக்குதலை நடத்த முதலில் அட்மின் அனுமதி கையில் இருக்க வேண்டும். அதுவே போய்விட்டால் வீட்டு லேப்டாப்பில் காப்பாற்ற என்ன மிச்சமிருக்கும்? பூட்டுவதா வேண்டாமா என்பதை பயாஸிலேயே ஓர் ஆப்ஷனாக விட்டிருக்கலாம்.

வாங்கியவர்கள் என்ன செய்யலாம்?

ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிடம் ஓட விடுங்கள். இலவசம்தான். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரில் வேகம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். முதல் நிமிட எண்ணை மறந்துவிடுங்கள், பத்தாவது நிமிட எண்தான் உங்கள் லேப்டாப். காரணம் வெப்பமா, வாட் வரம்பா என்பதை ஹெச்டபிள்யூஇன்ஃபோ தனித்தனியாகக் காட்டும். வெப்பம் என்றால் தூசி, தெர்மல் பேஸ்ட்டைப் பாருங்கள். வாட் வரம்பு என்றால் முதலில் பவர் மோடை மாற்றிப் பாருங்கள். பல லெனோவோ மாடல்களில் எஃப்என் + க்யூ அழுத்தினாலே மாறும்.

சார்ஜரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சார்ஜரின் வாட் அளவை அடையாளம் காண முடியாவிட்டால் டெல் லேப்டாப்கள் எச்சரிக்கை காட்டி வேகத்தைக் குறைக்கும். 'லேப்டாப் திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு' என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், வேறொரு சார்ஜரை மாட்டிப் பார்ப்பது நல்லது.