புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு

கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அதிக நேரம் போன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது. நீளமான பதிவு, கோபமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணும் பொங்கலன்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. ஊர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, அதன் மேல் பளபளவென்று காசுகள். செம்பு தனி, வெள்ளை தனி, வட்டம் தனி, சதுரம் தனி. "தாத்தா சேத்து வச்ச ஃபாரின் காயின். என்ன ரேட் போகும்?" என்று என் தங்கை வீட்டுக்காரர் கேட்டிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டியிருந்தீர்கள். நான் போன் போட்டேன். "சும்மாதான மச்சான் கெடந்துச்சு. புளியில ஊற வச்சு, பேஸ்ட் போட்டுத் தேச்சேன். பசங்க ஜோரா பிரிச்சிட்டாங்க" என்றார்.

மாப்பிள்ளை, அது தாத்தா மட்டும் சேர்த்த காசு அல்ல. மூன்று பேருடையது. பரண் மேல் மூன்று இடத்தில் இருந்தது. ஓவல்டின் டப்பாவில் இருந்தது தாத்தாவின் மலாயாக் காசு. சுருக்குப்பையில் இருந்தது ஹட்டனில் கடை வைத்திருந்த அம்மாவழி மாமாவுடையது. டாங் டப்பாவில் இருந்தது ஓமன் சலாலாவில் வேலை பார்த்த சித்தப்பா மகனுடையது. மூன்றையும் ஒரே ஜமக்காளத்தில் கொட்டியதுதான் முதல் பாவம். புளி இரண்டாவது பாவம். ரேட் கேட்டது மூன்றாவது.

முதல் பாவத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தாத்தாவும் அவர் தம்பியும் ஒன்றாக மலாயாவுக்குப் போனவர்கள். தம்பியை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. தாத்தா 1951ல் ஊர் வந்து சேர்ந்தார். "உங்க தாத்தா 41லயே கப்பலேறி கொழும்புக்கு ஓடிட்டார். அங்க சுகமா கடை வச்சிருந்தார். எங்கப்பாவை விட்டுட்டார்" என்று அந்தத் தம்பியின் மகள், நம் அத்தை, இன்றைக்கும் சொல்கிறார். நம் கல்யாணப் பத்திரிகையை அவர் வீட்டில் வாங்கமாட்டார்கள். தாத்தா வாய் திறக்காமலே 1958ல் போய்விட்டார்.

அவருக்காகப் பேசக்கூடியது அந்த ஓவல்டின் டப்பா ஒன்றுதான். 1998ல் ஒருமுறை திறந்து பார்த்தேன். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட மலாயா சதுர சென்ட், பெரியதும் சிறியதும். 1941 வரைக்கும் வந்தவை பெரியவை, அதன் பிறகு வந்தவை சிறியவை. சிறிய சென்ட் ஒன்றில் 1943 என்றிருந்தது. 1943ல் மலாயா ஜப்பான் கையில். பிரிட்டிஷ் ராஜா தலை போட்ட புதுக்காசு அன்றைக்கு அங்கே நுழைந்திருக்காது. 1945ல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் அது யார் கைக்கும் வந்திருக்க முடியும். 1950ஆம் வருஷத்துப் பத்து சென்ட்டும் இருந்தது. அதில் ராஜாவின் பெயரோடு "இந்தியாவின் சக்கரவர்த்தி" என்ற பட்டம் கிடையாது. 1941 காசில் உண்டு. நாம் விடுதலை வாங்கியது அந்தக் காசின் விளிம்பில் தெரிகிறது. வகுப்பில் இதைக் காட்டியிருந்தால் உங்களில் பாதிப் பேர் வரலாற்றுப் பாடத்தில் தூங்கியிருக்கமாட்டீர்கள். அது போகட்டும்.

ஆக, யுத்தத்துக்குப் பிறகு அவர் மலாயாவில் இருந்தார். நடுவில் இலங்கையில் இருந்தாரா என்பதுதான் வழக்கு. இருந்திருந்தால் யுத்த காலத்து இலங்கைக் காசு ஒன்றாவது அந்த டப்பாவில் ஒட்டிக்கொண்டிருக்காதா? என் ஞாபகத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில், அடியில் மடித்துவைத்த ஒரு நோட்டு இருந்தது: வாழைமரம் போட்ட, ஜப்பான் காலத்துப் பத்து டாலர்.

இப்போது? இலங்கையின் பித்தளை ஐந்து சதமும் சதுரம், மலாயா சென்ட்டும் சதுரம். பிள்ளைகள் இரண்டையும் ஒரே குவியலாக வைத்திருக்கிறார்கள். பூ மாதிரி விளிம்பு வளைந்த 1944ஆம் வருஷத்து இரண்டு சதம், தமிழெழுத்தோடு, நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது. படத்தைப் பார்த்த அத்தை மகன் அதற்கு வட்டம் போட்டு, "இது சிலோன் காசுதானே சார்?" என்று ஒரே வரி எழுதியிருக்கிறான். அது மாமாவின் சுருக்குப்பைக் காசு என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? ஜப்பான் நோட்டை, செல்லாது என்று குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டீர்கள். பாதிதான் கிடைத்தது.

1998லேயே நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் ஆதாரம், ஆதாரம் என்று கரும்பலகையில் எழுதியவன், சொந்த வீட்டில் எழுதவில்லை. திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

புளி விஷயம். செம்புக் காசின் மேல் உள்ள பழுப்பு அழுக்கு இல்லை. உலோகமே காற்றோடு சேர்ந்து போர்த்திக்கொண்ட தோல் அது. புளி அந்தத் தோலை உரிக்கிறது, பேஸ்ட் தேய்மானத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே மங்கிய வருஷம் அதோடு போய்விடும். குத்துவிளக்கைத் தேய்ப்பது வேறு, இது வேறு. நீங்கள் ஆசைப்படும் அந்த "ரேட்டும்" தேய்த்த காசுக்குக் குறைவுதான். சேகரிப்பவர்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள், போதும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறையில் போட்டு, யார் கொண்டுவந்தது, எந்த டப்பா என்று பென்சிலால் எழுதுங்கள். நாடு, வருஷமெல்லாம் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். காசு எங்கும் ஓடிப்போகாது. கொண்டுவந்தவரை அறிந்த கிழவிகள்தான் போய்விடுவார்கள்.

வருஷத்தையும் அப்படியே நம்பாதீர்கள். தாய்லாந்து காசில் 2505 என்றிருக்க, "வராத வருஷம், டூப்ளிகேட்" என்று பேரன் தூக்கி எறிந்தானாம். அது புத்த ஆண்டு. 543ஐக் கழி, 1962. (அதனால் அது தாத்தாவுடையதும் அல்ல.) இன்னொருவர் 1780 போட்ட பெரிய வெள்ளிக்காசைக் காட்டி இருநூற்றைம்பது வருஷப் புதையல் என்கிறார். அது ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர். அந்த அம்மாள் இறந்த வருஷத்தை மாற்றாமலே பின்னால் வந்தவர்களும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நம் பம்பாயிலேகூட அடித்தார்கள். அரபு நாட்டுச் சந்தைகளில் நெடுங்காலம் ஓடிய காசு. சலாலா டப்பாவில் இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

ரேட்டைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண், பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற வீடியோவைப் பார்த்து, பதிவுக் கட்டணம், வரி என்று பதினாலாயிரம் ரூபாய் கட்டிவிட்டு அழுதாள். ரிசர்வ் வங்கி இப்படி யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த வீடியோவை நம் குழுவில் மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று பேரும் பட்டதாரிகள்.

"செத்துப்போனவங்களுக்கு எதுக்கு வழக்கு" என்று மாப்பிள்ளை கேட்டார். அத்தைக்கு எண்பத்தாறு வயது. உயிரோடு இருக்கிறார், இன்னும் அழுகிறார். அவர் அம்மாவின் மரப்பெட்டி அவர் வீட்டில் இருக்கிறது. தம்பித் தாத்தா அனுப்பிய கடிதமும் காசும் அதில் உண்டு என்று சொல்வார்கள். அடுத்த மாதம் டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்றதும் அந்தக் கிழிந்த நோட்டோடு நானே போய் நிற்கிறேன். அதுவரை அந்தப் பெட்டியை யாரும் திறக்க வேண்டாம். மாப்பிள்ளை, உங்களைத்தான் சொல்கிறேன்.