மூன்று வைரமும் ரெண்டாம் நம்பர் நோட்டும்

"ஜப்பான் வண்டி சார்... கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!"

இந்த வசனத்தை நீங்கள் பத்து பேரிடமாவது கேட்டிருப்பீர்கள். நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள். கோட்டு சூட்டு போட்ட மேனேஜ்மென்ட் குருமார்கள் இதையே ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் 'கெய்ஸன்', 'ஜீரோ டிஃபெக்ட்' என்று ஸ்லைடு போட்டுச் சொல்கிறார்கள். அதற்குக் கட்டணம் தனி.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிற எந்தப் பொருளையும் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இந்த வாரம் மிட்சுபிஷி என்ற பெயரைப் பார்ப்போம்.

சாதாரணப் பெயரா அது? 1870-ல் இவாசாகி யதாரோ என்பவர் கப்பல் தொழிலில் போட்ட விதை. பிறகு சுரங்கம், வங்கி, கப்பல் கட்டும் தளம், போர் விமானம் என்று ஜப்பானையே கட்டி எழுப்பிய குழுமங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்தக் குழுமத்தின் கப்பல் கம்பெனி 1917-ல் 'மாடல் ஏ' என்று ஒரு கார் செய்தது. மொத்தமே 22 கார்கள்தான். ஆனாலும் ஜப்பானில் ஒரே மாதிரியாக வரிசையாகத் தயாரான முதல் கார் அதுதான்.

1970-ல் மிட்சுபிஷி மோட்டார்ஸ் தனிக் கம்பெனியானது. 1982-ல் பஜேரோ வந்தது. பாலைவனத்தில் ஓட்டுகிற டக்கார் ராலியை மொத்தம் 12 முறை ஜெயித்தது. அதில் 2001-லிருந்து 2007 வரை தொடர்ந்து ஏழு முறை. உலக ராலி போட்டியில் 1996 முதல் 1999 வரை நாலு வருஷமும் சாம்பியன் டாமி மாக்கினன். ஓட்டியது மிட்சுபிஷி லான்சர். அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய லான்சர்தான் 1998-ல் நம்ம திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. போர்டிகோவில் ஒரு லான்சர் நின்றால் அந்த வீட்டுக்கே ஒரு மரியாதை வந்த காலம் அது.

ஆக, திறமை இல்லாத கம்பெனி என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. என் சண்டை வேறு.

நான் பி.காம். படித்தவன். ஒரு கடைக்காரர் ரெண்டு கணக்கு நோட்டு வைத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒரு நோட்டு வரி அதிகாரிக்கு. இன்னொன்று முதலாளிக்கு. முதல் நோட்டில் லாபம் குறைவாக இருக்கும். ரெண்டாவதில்தான் உண்மை இருக்கும்.

மிட்சுபிஷியும் ரெண்டு நோட்டு வைத்திருந்தது. பணக் கணக்கில் அல்ல. வாடிக்கையாளர் புகார் கணக்கில்!

ஜப்பானில் வண்டியில் பழுது இருப்பது தெரிந்தால், தயாரிப்பாளரே போக்குவரத்து அமைச்சகத்திடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். இதைத்தான் 'ரீகால்' என்கிறோம். கம்பெனியின் நேர்மையை நம்பிப் போடப்பட்ட ஏற்பாடு. அதாவது, மாணவனே தன் பேப்பரைத் திருத்திக்கொண்டு, தன் மார்க்கை ஹெட்மாஸ்டரிடம் சொல்கிற மாதிரி.

2000 ஜூலையில், பெயர் சொல்லாத யாரோ ஒருவர் கொடுத்த தகவலை வைத்து அமைச்சக அதிகாரிகள் மிட்சுபிஷிக்குள் நுழைந்தார்கள். புகார்க் காகிதங்கள் எங்கே கிடைத்தன தெரியுமா? ஊழியர்கள் உடை மாற்றுகிற லாக்கர் ரூமில்! அமைச்சகத்துக்குக் காட்டலாம் என்கிற புகார்கள் ஒரு பக்கம், காட்டக்கூடாத புகார்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். மறைக்க வேண்டியவற்றின் மேல் 'ஹெச்' என்று ஓர் எழுத்து. விசாரித்தபோது இந்தப் பழக்கம் 1977-லிருந்து நடப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக!

புகார் வந்த வண்டிகளை என்ன செய்தார்கள்? சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பினார்கள். ஜப்பானில் இதை 'இருட்டு ரிப்பேர்' என்கிற பொருளில் ஒரு வார்த்தை வைத்தே சொல்கிறார்கள். சர்வீஸுக்கு வந்தவன் பிழைத்தான். வராதவன் கதி? அவன் ரோட்டில் ஓடிக்கொண்டே இருப்பான், எதுவும் தெரியாமல்.

தலைவர் கட்சுஹிகோ கவாசோயே குனிந்து மன்னிப்புக் கேட்டார். பதவி விலகினார். லட்சக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், இனிமேல் நாங்கள் புது மனிதர்கள் என்றது கம்பெனி. அதே வருஷம் ஜெர்மனியின் டைம்லர்கிரைஸ்லர் 34 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது. சுபம் என்று கார்டு போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த இடத்தில் படம் முடிந்திருந்தால் நான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன்.

2002 ஜனவரி 10. யோகஹாமா நகரம். 29 வயதுத் தாய் ஒருவர் தன் இரண்டு சின்னப் பையன்களோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். பெரியவனுக்கு நாலு வயது. சின்னவனுக்கு ஒன்று. சாலையில் ஒரு மிட்சுபிஷி டிரெய்லர் லாரி. அதன் முன்சக்கரம் கழன்றது. சுமார் 140 கிலோ எடை. சரிவில் ஐம்பது மீட்டர் உருண்டு வந்து முதுகுப் பக்கமாக மோதியது. தாய் இறந்தார். பிள்ளைகள் காயத்தோடு பிழைத்தார்கள்.

அவர் மிட்சுபிஷி வாடிக்கையாளரே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வண்டி வாங்கியவர் இல்லை. விளம்பரம் பார்த்து ஏமாந்தவர் இல்லை. ரோட்டோரமாக நடந்து போனவர். கம்பெனியின் நற்பெயரை நம்புவதும் நம்பாததும் உங்கள் சொந்த விஷயம் என்று நினைக்கிறீர்களே, இந்தத் தாயிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

கம்பெனி என்ன சொன்னது? "லாரிக்காரர் சரியாகப் பராமரிக்கவில்லை. அதனால் சக்கரத்தைத் தாங்குகிற ஹப் தேய்ந்துவிட்டது." பழி முழுக்க லாரி வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. ஒரு பக்கம் சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனி. இன்னொரு பக்கம் மூன்று வைரங்கள் பொறித்த பெயர். ஊர் யாரை நம்பும்? ஜப்பானிலும் நம்மூர் மாதிரிதான், பெரிய பெயரை நம்பும்.

ரெண்டு வருஷம் கழித்து, 2004 மார்ச்சில் உண்மை வெளியே வந்தது. ஹப்பின் வடிவமைப்பிலேயே கோளாறு. அதற்குள் லாரிப் பிரிவு மிட்சுபிஷி ஃபூசோ என்று தனிக் கம்பெனியாகியிருந்தது. 1992-லிருந்தே ஹப் உடைந்த சம்பவங்கள் ஐம்பதுக்கு மேல். அவை கம்பெனிக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "பராமரிப்பு சரியில்லை" என்றார்கள்!

இன்னொரு சாவும் உண்டு. 2002 அக்டோபரில், யமகுச்சி மாகாணத்தில் ஒரு மிட்சுபிஷி லாரி பிரேக் பிடிக்காமல் போய் மோதி, ஓட்டுநர் இறந்தார். கிளட்ச் ஹவுசிங் உடைந்ததுதான் காரணம். அந்தக் கோளாறும் கம்பெனிக்கு முன்பே தெரிந்ததுதான். 2000-ல் "எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்" என்று குனிந்தார்களே, அன்றைக்குச் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டவைதான் இந்த ரெண்டும். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

2004-ல் கைதுகள் நடந்தன. கவாசோயேயும் கைதானார். கிளட்ச் வழக்கில் 2008-ல் அவருக்கும் வேறு சில அதிகாரிகளுக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறைக்குப் போக வேண்டாம். ஹப் விஷயத்தில் அமைச்சகத்துக்குப் பொய் அறிக்கை கொடுத்ததற்காகக் கம்பெனிக்கும் அபராதம் போட்டார்கள். எவ்வளவு? 2 லட்சம் யென். அன்றைய மதிப்பில் சுமார் 80 ஆயிரம் ரூபாய். மறுபடி படியுங்கள். கோடியில்லை, ஆயிரம்தான்.

உலகத்துக்கே கார் விற்கிற கம்பெனிக்கு, ஒரு நல்ல மியூசிக் சிஸ்டம் விலையில் அபராதம். சட்டம் இப்படிச் சிரித்தால், லாக்கர் ரூமுக்குள் காகிதம் போகாமல் எங்கே போகும்?

ஆனால் சந்தை சிரிக்கவில்லை. ஜப்பானில் விற்பனை சரிந்தது. இனிப் பணம் போட முடியாது என்று 2004-ல் டைம்லர்கிரைஸ்லர் கைவிரித்தது. அடுத்த வருஷம் வெளியேயும் போனது. குழுமத்தின் வங்கியும் மற்ற கம்பெனிகளும் சேர்ந்து பல்லாயிரம் கோடி யென் கொட்டித்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். காமர்ஸ் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம்தான் எழுதுவோம். அது சொத்து இல்லை, வாடிக்கையாளன் கொடுத்த கடன் என்பது மிட்சுபிஷிக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கடன்காரன் திரும்பக் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

புரிந்ததா உண்மையில்?

2016 ஏப்ரல். சின்ன 660 சிசி கார்களில் மைலேஜை ஏற்றிச் சொன்னதாக மிட்சுபிஷி ஒப்புக்கொண்டது. 6 லட்சத்து 25 ஆயிரம் கார்கள். அதில் பெரும்பகுதி நிஸானுக்காகச் செய்து கொடுத்தவை. கணக்கு உதைக்கிறதே என்று கண்டுபிடித்ததும் நிஸான்தான். தோண்டத் தோண்ட, விதிக்குப் புறம்பான சோதனை முறை 1991-லிருந்தே நடப்பது தெரிந்தது. இருபத்தைந்து வருஷம்! இதில் உச்சம் என்ன தெரியுமா? மாட்டிக்கொண்ட பிறகு மறுபடி சோதித்தார்களே, அதிலும் தனக்குச் சாதகமான எண்களைப் பொறுக்கி எடுத்ததாக அமைச்சகம் கண்டித்தது. அந்த வருஷக் கடைசியில் நிஸான் 23,700 கோடி யென் கொடுத்து 34 சதவீதத்தை வாங்கியது. பதினாறு வருஷத்தில் ரெண்டாவது முறையாக அதே 34 சதவீதம், வேறு முதலாளி.

இப்போது நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "எல்லா கம்பெனியும்தான் சார் இப்படி. மிட்சுபிஷியை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?"

சரிதான். ஆக்ஸிலரேட்டர் விவகாரத்தில் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக 2014-ல் அமெரிக்காவில் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 2015-ல் டீசல் புகையில் மாட்டியது. டொயோட்டாவின் குடும்பத்துக் கம்பெனியான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனை முறைகேடுகளுக்காக 2023 டிசம்பரில் தன் எல்லா கார்களையும் அனுப்புவதை நிறுத்த வேண்டிவந்தது. 2024 ஜூனில் டொயோட்டா, ஹோண்டா, மஸ்தா, சுசுகி என்று வரிசையாகச் சோதனைக் குளறுபடிகளை ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் கேள்வியே என் பதிலுக்குச் சாட்சி. எல்லாரும் செய்கிறார்கள் என்றால், "இந்த ஊர்க்காரன் பொருள் என்றால் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்ற வசனம் செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். எவனும் நம் கண்ணை மூடச் சொல்லத் தகுதியானவன் இல்லை.

பழுது வராத இயந்திரம் கிடையாது. பழுது வருவது குற்றமும் இல்லை. பழுதைப் பற்றி வந்த கடிதத்தை என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. ஒழுங்கான கம்பெனி அதை மேஜை மேல் வைக்கும். மற்றவன் லாக்கரில் வைப்பான். டக்காரில் ஜெயித்த அதே வருஷங்களில்தான் மிட்சுபிஷியின் ஹப்கள் உடைந்தன. இன்ஜினீயர்களுக்குத் திறமை இல்லாமல் அல்ல. கெட்ட செய்தியை மேலே கொண்டுபோக யாருக்கும் தைரியம் இல்லாமல். கொண்டுபோனவனுக்கு அங்கே மரியாதை இல்லாமல்.

கெய்ஸன் குருமார்களே, உங்கள் அடுத்த ஸ்லைடில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் கதைக்கு வருவோம். பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் நம் அரசுக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில்தான் வந்தது. அதுவரை எல்லாம் கம்பெனியின் மனசாட்சிதான். குறிப்பிட்ட அளவு வண்டிக்காரர்கள் புகார் செய்தால் அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது சட்டம். கவனியுங்கள், புகார் செய்தால்! சர்வீஸ் சென்டர் வாசலில் நின்று புலம்பினால் அல்ல.

நாம் என்ன செய்கிறோம்? "பிரேக்குல ஏதோ சத்தம் வருது" என்கிறோம். "அட்ஜஸ்ட் பண்ணிட்டோம் சார், இனிமே வராது" என்கிறார் அவர். தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். என்ன சத்தம், எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள்? ஜாப் கார்டில் ஒரு வரி கிடையாது. இப்படி எழுத்தில் வராத ரிப்பேர் எல்லாமே இருட்டு ரிப்பேர்தான்.

அடுத்த முறை அந்த ஜாப் கார்டைக் கையில் வாங்கி, நீங்கள் சொன்ன குறையும் அவர்கள் செய்த வேலையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.