டிப்ஸ் வைக்கலாமா பாஸ்?

காபி ஷாப்ல ரெண்டு மணி நேரம் அரட்டை. பில் வந்ததும் எல்லாரும் மொபைலை நோண்டுவோம்!

முதல்ல பில்லைப் படிங்க பாஸ். 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒரு வரி இருக்கா? அது அரசாங்க வரி இல்லை. தானா அதைச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிடுச்சு. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்க. மறுத்தா 1915-க்கு போன் போடுங்க.

கவுன்ட்டர்ல நீங்களே வாங்கிக் குடிச்சா டிப்ஸ் தேவையில்லை. டேபிள் துடைச்சு, தண்ணி வெச்சு, நம்ம சத்தத்தையும் பொறுத்துக்கிட்டவருக்கு 10, 20 ரூபாய் தரலாமே! பில்லோட செருகாம அவர் கையிலேயே கொடுங்க. அவருக்கும் நம்ம வயசுதான் இருக்கும்.

பாக்கெட் காலியா? முகம் பார்த்து ஒரு தேங்க்ஸ்... அதுக்கு சார்ஜ் கிடையாது!