கைராசிக்காரி என்று சொல்லாதீர்கள்

மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிற எந்த ஊரிலும் ஒரு சிஸ்டர் கதை உண்டு. "அந்த சிஸ்டர் கை வெச்சா போதும், காய்ச்சல் இறங்கிடும்", "கைராசிக்காரம்மா", "தெய்வம் மாதிரி" என்பார்கள். சொல்பவர்களின் நன்றி உண்மையானது. அதோடு எனக்குச் சண்டை கிடையாது. அந்த நன்றியை எடுத்து மேடையிலும் விழா மலரிலும் கட்டி எழுப்புகிற பிம்பத்தோடுதான் சண்டை. ஏதாவது ஒரு பொன்விழா மலரைப் புரட்டிப் பாருங்கள். அன்பு, தியாகம், கனிவு, மாறாத புன்னகை எல்லாம் இருக்கும். அந்த அம்மா எங்கே படித்தார், என்ன பட்டம் வாங்கினார், யாரிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்தார் என்பது இருக்காது.

இதை ஏதோ எழுதுகிறவர்களின் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை. அந்த விவரங்களைச் சொன்னால் சங்கடமான ஒரு வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

கத்தோலிக்கக் கன்னியர் பல நூற்றாண்டுகளாக நோயாளிகளைக் கவனித்து வந்திருக்கிறார்கள். புண் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், கொள்ளைநோயில் செத்தார்கள். ஆனால் மருத்துவராக முடியாது. குருமார் அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்ற தடை 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கத்திலேயே இருக்கிறது. 1917இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டமும் ரோமின் தனி அனுமதி இல்லாமல் குருமார் மருத்துவத் தொழில் செய்யக்கூடாது என்றது. அந்தக் கட்டுப்பாடு துறவியருக்கும் பொருந்தியது. பிரசவ அறையில் கன்னியர் நிற்பது அவர்களுடைய வார்த்தைப்பாட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் வேறு. ஆக, கருணைக்கு அனுமதி இருந்தது. கத்தியைப் பிடிக்கவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் இல்லை.

இந்தத் தடையின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? ராவல்பிண்டியில் பர்தாவுக்குள் இருந்த பெண்கள். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட அவர்களுக்கு வழியில்லை. பெண் மருத்துவர் இல்லையென்றால் பிரசவத்தில் சாவுதான். புராட்டஸ்டண்ட் மிஷன்கள் இதை முன்னமே புரிந்துகொண்டன. கிளாரா ஸ்வெய்ன் 1870இல் பரேலிக்கு வந்துவிட்டார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையே தொடங்கிவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையிடம் கன்னியருக்குப் பஞ்சமில்லை, படிக்கத்தான் விடவில்லை.

இதை முதலில் உரக்கக் கேட்டவர் துறவியே அல்ல. 1837இல் பிறந்த ஆக்னெஸ் மக்லாரன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். சொந்த ஊரில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தரமாட்டார்கள் என்பதால் பிரான்சின் மோன்பெலியேவுக்குப் போய்ப் படித்து 1878இல் டாக்டரானார். அறுபது வயதைத் தாண்டிக் கத்தோலிக்கரானார். எழுபதைத் தாண்டி இந்தியாவுக்கு வந்தார். ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழக் காரணமானார். கன்னியரை மருத்துவம் பார்க்க விடுங்கள் என்று ரோமிடம் திரும்பத் திரும்ப மன்றாடினார். 1913இல் இறக்கும்வரை பதில் சாதகமாக வரவில்லை.

அவரோடு கடிதத் தொடர்பில் இருந்த டிரோல் நாட்டுப் பெண் அன்னா டெங்கல், அயர்லாந்தின் கார்க் நகரில் படித்து 1919இல் மருத்துவரானார். மறு வருஷமே ராவல்பிண்டி. நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள், தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. 1925இல் வாஷிங்டனில் மூன்று தோழிகளோடு மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ் அமைப்பைத் தொடங்கினார். பெயரில்தான் சிஸ்டர்ஸ். மருத்துவம் பார்ப்பதால் முறைப்படியான பொது வார்த்தைப்பாடு எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. பதினோரு வருஷம் கழித்து, 1936 பிப்ரவரியில்தான் ரோம் இறங்கிவந்தது. மருத்துவமும் பேறுகால மருத்துவமும் கன்னியருக்கு அப்போதுதான் திறந்தன.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் வேலை செய்த மேரி குளோரி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1887இல் பிறந்தவர். 1910இல் மெல்போர்னில் மருத்துவப் பட்டம். நகரத்தில் நல்ல தொழில். 1915இல் ஆக்னெஸ் மக்லாரனைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் கையில் கிடைக்கிறது. தன் இறையழைத்தல் இந்தியாவில் என்று அன்றே தெரிந்துவிட்டதாக அவர் கருதினார்.

விழா மலர் பாணியில் எழுதினால் அடுத்த வரி "உடனே அனைத்தையும் துறந்து கப்பலேறினார்" என்று வரும். அவர் அப்படிச் செய்யவில்லை. அழைப்பு வந்த பிறகு மேற்கொண்டு படித்தார். மகப்பேறு, மகளிர் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்று 1919இல் எம்.டி. வாங்கினார். 1920இல்தான் குண்டூர் வந்தார். இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டிடமிருந்து தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் செவிலியராகவும் பயிற்சி கொடுத்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற அவருடைய கனவு, அவர் 1957இல் இறந்தபின், 1963இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியாக நிறைவேறியது.

இந்த வாழ்க்கையில் அழைத்தல் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரிக்கக் கோடு எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணுக்குப் படிப்பதுதான் அழைப்புக்குக் கொடுத்த பதில்.

2013இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது. புனிதர் பட்டம் நோக்கிய பயணம் அது. தேவசகாயம் பிள்ளைக்கு 2022இல் புனிதர் பட்டம் கிடைத்தபோது அந்த நடைமுறை நம் ஊரிலும் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. மறைசாட்சியாக இல்லாத ஒருவருக்கு அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமை, புனிதர் பட்டத்துக்கு இன்னொன்று வேண்டும். பெரும்பாலும் அது மருத்துவத்தால் விளக்க முடியாத ஒரு குணமடைதல். அதை மருத்துவர் குழு ஆராயும். விளக்க முடிந்தால் தள்ளுபடி.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு டாக்டர் தன் ஆயுளில் செய்ததெல்லாம் விளக்கக்கூடிய குணப்படுத்தல்கள். கைகழுவியதால் வராத பிரசவக் காய்ச்சல், சரியான நேரத்தில் திருப்பிவிட்ட சிசு, கண்புரை நீக்கிய கண். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கணக்கில் புதுமையாகச் சேராது. அவர் இறந்தபின், அவரிடம் வேண்டிக்கொண்ட யாருக்கோ டாக்டர்கள் கைவிரித்த நோய் தீர்ந்தால் அதுதான் சேரும்.

"புதுமை என்பது கடவுளின் முத்திரை மட்டும்தானே, அதற்கு முன் அவருடைய வாழ்க்கையையும் நற்பண்புகளையும்தானே ஆராய்கிறார்கள்" என்று விசுவாசிகள் சொல்வார்கள். நியாயம். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் மனதில் கடைசியில் நிற்பது எது? படமும் ஜெபமும் புதுமையும். ஸ்டெதஸ்கோப் எங்கோ காணாமல் போய்விடுகிறது.

எதிர்முனையில் இருப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். "ஆஸ்பத்திரி எல்லாம் மதமாற்றத் தூண்டில்" என்பவர்களுக்கும் மருத்துவம் ஒரு மேற்பூச்சு. மிஷன் மருத்துவமனைகளுக்கு மதப் பரப்பல் நோக்கம் இருந்தது என்பதை யாரும் மறைக்கத் தேவையில்லை, அவர்களே மறைக்கவில்லை. அதற்காக, பிழைத்த தாயும் பிள்ளையும் பொய்யாகிவிடுவார்களா? துதிக்கிறவரும் தூற்றுகிறவரும் அந்தப் பெண்ணின் படிப்பைப் பார்க்க மறுப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

சரி, பழங்கதை, இப்போ என்ன என்று கேட்கலாம். இப்போதுதான் விஷயமே இருக்கிறது. "சேவை" என்ற சொல் இன்றும் சம்பளப் பேச்சில் ஆயுதமாக இருக்கிறது. கேரளத்தில் 2011, 2012இல் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2017இல் மறுபடி போராடித்தான் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்ற உறுதியைப் பெற்றார்கள். "இது புனிதமான பணியாச்சே, இதுல காசு கேக்கலாமா" என்பது இந்தத் துறையில் சம்பளம் கேட்டு வாய் திறக்கிற எந்தப் பெண்ணின் காதிலும் விழும் வசனம். பிரைவேட் முதலாளியும் சொல்வார், மத நிறுவனமும் சொல்லும்.

சிஸ்டர் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர். தானே விரும்பி எடுத்தார். அவருக்குச் சோறும் கூரையும் முதுமையில் ஒரு கட்டிலும் சபை தருகிறது. பக்கத்தில் நைட் டியூட்டி பார்க்கிற செவிலியர் அந்த வார்த்தைப்பாடு எதையும் எடுக்கவில்லை. அவருக்குக் கல்விக்கடன் இருக்கிறது, வாடகை இருக்கிறது, வீட்டில் காத்திருக்கிற குழந்தை இருக்கிறது. ஒருத்தி மனமுவந்து எடுத்த ஏழ்மையை இன்னொருத்தி தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? அதற்கு அந்தச் சிஸ்டரின் படத்தையே சுவரில் மாட்டிக் காட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. டெங்கல் தன் அமைப்பில் பக்தியோடு தொழில்முறைப் பயிற்சியையும் கட்டாயமாக்கினார். நல்ல மனசு மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் அவருக்கு ரோமோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஆகவே அடுத்த விழா மலர் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவின் படத்துக்குக் கீழே அவர் படித்த பட்டத்தையும் கல்லூரியையும் போடுங்கள். அவரை எத்தனை வருஷம் யார் காக்க வைத்தார்கள் என்பதையும் ஒரு பத்தியாவது எழுதுங்கள். மலர் அச்சாகும் மாதத்தில் உங்கள் ஆஸ்பத்திரிச் செவிலியர்களின் சம்பளப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கிற தொகையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மலரை வெளியிடுங்கள்.